என் அளவுக்குத் தைத்த கெபாயா

தம்பி,

சனிக்கிழமை எங்களை ஊர் சுற்றிக் காட்டிவிட்டுக் கோலாலம்பூர் போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாய். "ம்மா, இன்னிக்கி நீங்க சூப்பர் லா. அவங்களுக்குச் சந்தேகம் ஒண்ணும் வரலதானே?" என்று கேட்டு, பக்கத்தில் கைகூப்பும் பொம்மை வேறு. நான் பதில் போடவில்லை. அப்புறம் கூப்பிட்டாய், எடுக்கவில்லை. அம்மாவுக்குக் கோபமா என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விசாரித்தாயாம். கோபம் என்றால் போனிலேயே நாலு கிழி கிழித்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்திருப்பேன். இது கோபம் இல்லை. உன்னை நினைத்தால் எனக்கு இளக்காரமாக இருக்கிறது. பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு தாய் சொல்லக்கூடாத வார்த்தை அது. தெரிந்துதான் எழுதுகிறேன். நேரில் சொன்னால் "ஓகேமா, ஓகேமா" என்று பாதியிலேயே வெட்டிவிடுவாய். எழுதி அனுப்பினால் முழுக்கப் படித்துத்தான் ஆகவேண்டும், ஏனென்றால் உன் கேள்விக்கான பதில் கடைசியில்தான் வரும்.

நான் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது உன் காடி வந்து நின்றது. நீ, உனக்குப் பேசியிருக்கிற ஷாலினி, அவள் அம்மா. "திடீர்னு தோணுச்சுமா. சும்மா மலாக்காவச் சுத்திப் பாத்துட்டு, நல்லா சாப்ட்டு வரலாம். ஜாலான்-ஜாலான் லா" என்றாய். சம்பந்தியம்மாவைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு என்னைச் சமையல்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய் ஒரு பையை நீட்டினாய். உள்ளே கெபாயா. பூவேலை செய்த மெல்லிய மேல்சட்டை, அதைப் பூட்டுவதற்குச் சங்கிலி கோத்த ஊசிகள், கீழே கட்ட ஒரு பத்தேக் சாரோங். "ஹெரிடேஜ் டிரிப்மா, அதுக்கேத்த மாதிரி போட்டா போட்டோவுல நல்லா விழும்" என்றாய். போட்டுப் பார்த்தால் தோளில் ஒரு சுருக்கம் இல்லை, இடுப்பில் ஒரு தொய்வு இல்லை. திடீரென்று தோன்றிய பயணத்துக்கு என் அளவுக்குத் தைத்த சட்டை! நீ போன தடவை வந்துபோன பிறகு என் ஜாக்கெட் ஒன்று காணாமல் போயிருந்தது. எலி இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று அலமாரிக்குப் பின்னால் பொறி வைத்தேன். அந்த எலி காடி ஓட்டுகிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் கண்ணாடியில் பார்த்தபோது நான் அழகாக இருந்தேன். அதை மறைப்பானேன்? தோட்டத்தில் முழுக்கைச் சட்டையும், தலையில் துண்டும், காலில் ரப்பர் பூட்ஸும். அப்புறம் பேக்டரியில் நீலக் கோட்டும் தலையுறையும். கோவிலுக்குப் போனால் சேலை. அறுபதைத் தாண்டிய பிறகு ஒருத்தி முதல்முறையாகக் கெபாயா போட்டுக்கொண்டு, அதுவும் பிள்ளை ஆசையாகத் தைத்துக் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டு போட்டால், மூளை கொஞ்சம் மந்தமாகத்தான் போகும். ஷாலினி கையைத் தட்டி, "ஆன்ட்டி, ஸோ சுவீட் லா!" என்றாள். சம்பந்தியம்மா கழுத்து முத்துமாலையைச் சரிசெய்துகொண்டே என்னை மேலும் கீழும் பார்த்து, "அப்படியே அந்தக் காலத்து ராணி மாதிரி இருக்கீங்க" என்றார். நானும் இளித்துக்கொண்டு காடியில் ஏறினேன். நம் வீட்டுப் பக்கத்துப் பாயா ரும்புட் சிக்னல் தாண்டும்வரை ராணியாகவே இருந்தேன்.

அப்புறம் நீ ஊரைக் காட்டினாய். பிறந்ததிலிருந்து மலாக்காக்காரியாக இருக்கிற எனக்கு மலாக்காவைக் காட்டினாய்! ஆற்றோரம் சிவப்புக் கட்டடம், மலைமேல் கூரை இல்லாத தேவாலயம், கோட்டை போய் மிஞ்சின வாசல். உன் போனைப் பார்த்துப் பார்த்து, "இது போர்த்துகீசியர் கட்டினது, இது டச்சுக்காரன், இது வெள்ளைக்காரன்" என்று படித்தாய். ஒருத்தனை அடித்துவிட்டு இன்னொருத்தன் பிடுங்கியதை ஏதோ நம் தாத்தாவின் பெருமை மாதிரி சொல்லிக்கொண்டு வந்தாய். சுற்றிலும் மூன்று சக்கரத் திரிஷா வண்டிகள், பொம்மையும் பூவும் ஒட்டி, காது கிழிகிற பாட்டோடு. வெயிலில் வியர்த்து வடிந்துகொண்டு ஜனம் வரிசையில் நிற்கிறது. எதற்கு? சோற்றை உருட்டி வைத்திருக்கிறார்களாம், அதைத் தின்ன. கோழிச்சோறு உருண்டை! குழந்தையில் நான் உருட்டிக் கொடுத்த சோற்றைத் தட்டிவிட்டு ஓடியவன், அங்கே எச்சில் விழுங்கிக்கொண்டு வரிசையில் நின்று, அந்த உருண்டையைப் பதினெட்டுக் கோணத்தில் படம் பிடித்தாய். சேண்டோல் மட்டும் நன்றாக இருந்தது. வெல்லப்பாகும் தேங்காய்ப்பாலும் பொய் சொல்லாது.

அந்த இடிந்த வாசலுக்குக் கீழே நீ என்னை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தபோது எனக்கு உன் அப்பா ஞாபகம் வந்தது. நீ ஏழு வயதுப் பையன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் உங்களை இதே இடத்துக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்து, "அப்பா, நம்ம லயத்து வீட்ட எப்ப மியூசியம் ஆக்குவாங்க?" என்று கேட்டாய். அவர் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். "மொதல்ல இடிக்கணும்டா. இடிச்சாதான் மியூசியம் ஆவும்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கொஞ்ச வருஷத்தில் ரப்பர் பால் தந்த கித்தா மரங்களைத் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டார்கள், நம்மைக் கிளம்பச் சொன்னார்கள், நாம் இருந்த லயத்து வீடுகளையும் இடித்தார்கள். மியூசியம் ஒன்றும் வரவில்லை. உரக்கொட்டகை வந்தது. நீ வாசலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது இதைச் சொல்ல வாயெடுத்தேன். சட்டென்று, "ம்மா, நேரமாச்சு, சாப்பாட்டுக்குச் சொல்லி வச்சிருக்கேன்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். நான் எதைச் சொல்லிவிடுவேனோ என்ற பயம்தான் அது என்று இப்போது புரிகிறது.

சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்திருந்த இடம் கம்போங் செட்டி. மலாக்கா செட்டிகள் யாரென்று எனக்குத் தெரியாதா? நூற்றாண்டுகளுக்கு முன்னால் வியாபாரத்துக்குக் கப்பலேறி வந்த தமிழர்களின் பிள்ளைகள். இங்கேயே பெண் எடுத்து, இங்கேயே கலந்து, மலாய் பேசிக்கொண்டு, சாரோங் கெபாயா போட்டுக்கொண்டு, சாமி மட்டும் நம் சாமியாகக் கும்பிடுகிற ஜனம். மரியாதையான மனிதர்கள். அவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. காடியை விட்டு இறங்கியதும் சம்பந்தியம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி, உங்க சொந்தக் கம்போங்க்கு எங்களக் கூட்டிட்டு வந்தீங்க பாருங்க, அதுவே பெரிய கௌரவம். ஐந்நூறு வருஷக் குடும்பம்னு தம்பி சொன்னப்ப எங்க வீட்ல எல்லாரும் அசந்துட்டாங்க" என்றார். நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். காடிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றாய். சின்ன வயதில் பேனாவைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பாயே, அதே முகம். அப்போதுதான் எனக்குச் சட்டையின் ஒவ்வொரு தையலும் புரிந்தது.

எப்படி ஆரம்பித்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. உன் ஆபீஸில் யாராவது "மலாக்கா தமிழா? செட்டியா?" என்று கேட்டிருப்பார்கள். நீ சும்மா தலையை ஆட்டியிருப்பாய். ஷாலினி அதைக் கேட்டுக் கண்ணை அகலத் திறந்திருப்பாள். அந்தக் கண்ணுக்காக அப்புறம் ஒரு தாத்தாவைக் கப்பலில் ஏற்றினாய், ஒரு பாட்டிக்குக் கெபாயா மாட்டினாய், கடைசியில் உயிரோடு இருக்கிற அம்மாவுக்கும் மாட்டிவிட்டாய். உன் அப்பா செத்துப்போனதால் தப்பித்தார். இருந்திருந்தால் அவருக்கும் தலைப்பாகை தைத்திருப்பாய்.

எங்களுக்குச் சமைத்து வைத்திருந்த அந்த வீட்டு அம்மா என் கெபாயாவைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, "நீங்க எந்த வீடு?" என்று மலாயில் கேட்டார். விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகள், எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம். அங்கே போய் நின்றுகொண்டு உன் ஐந்நூறு வருஷத்தை அளக்கிறாய்! "தாத்தா காலத்துலயே வெளிய போயிட்டாங்க, மக்சிக்" என்று நீ முந்திக்கொண்டு சொன்னாய். "தாத்தா பேரு?" என்றார் அவர். உனக்கு வியர்த்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? தட்டுகளை எடுத்துக் கொடுக்க உதவுகிறேன் என்று மலாயில் சொல்லி, அவர் தோளைத் தொட்டுச் சமையல்கட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். உன் பொய்க்கு நான் முட்டுக் கொடுத்தேன். அந்தக் கணத்தில் உன்னைவிட என்னைத்தான் எனக்கு அதிகம் பிடிக்காமல் போனது.

சமையல்கட்டில் புளியும் மஞ்சளும் போட்ட மீன் பிண்டாங் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் சாரோங்கைப் பார்த்தார். என் இடுப்பைப் பிடித்துத் துணியைச் சுற்றித் திருப்பி, பின்னால் கிடந்த பூப்பட்டையை முன்னால் கொண்டுவந்து இறுக்கிக் கட்டிவிட்டார். "இப்ப சரி" என்றார். அப்புறம் மெதுவாக, மலாயிலேயே, "வீட்ல தமிழ் பேசுவீங்களா?" என்று கேட்டார். பேசுவோம் என்றேன். "பிள்ளையும் பேசுவாரா?" பேசுவான், படிப்பான், எழுதுவான் என்றேன். "எங்க பேத்தி வாரா வாரம் தமிழ் வகுப்புக்குப் போறா. எங்களுக்கு வாயில வரமாட்டேங்குது. உங்களுக்குத் தானா வருது. அப்புறம் எதுக்கு இது?" என்று என் கெபாயாவின் ஊசியைத் தொட்டார். கிண்டல் இல்லை தம்பி, நிஜமாகவே புரியாமல் கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். சாப்பிடுங்க" என்று சொல்லி மீன் சட்டியை என் கையில் கொடுத்தார். அந்த மீனைப் போல நான் எங்கும் சாப்பிட்டதில்லை, ஆனால் ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டேன். நீயோ இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டு, "இதான் எங்க பாட்டி கைமணம்" என்றாய். உன் பாட்டி கருவாடும் மரவள்ளியும் தவிர வேறு எதையும் சமைக்கக் கொடுத்துவைக்காதவள்.

இதோடு விட்டாயா? சாயங்காலம் தங்கா பத்துவில் கடலோரக் கடைக்குக் கூட்டிப்போய்ச் சுட்ட மீன் வாங்கிக் கொடுத்தாய். மீனில் முள் எடுத்துக்கொண்டே சம்பந்தியம்மா, "மொத பத்திரிகைய குலதெய்வத்துக்கு வைக்கணும்ல. உங்க குலதெய்வம் யாரு சம்பந்தி?" என்று என்னைக் கேட்டார். என்னைத்தான் கேட்டார். நீ பதில் சொன்னாய். "பிள்ளையார் ஆன்ட்டி. கம்போங் செட்டி கோயில்லயே வச்சிடலாம். சுத்த சைவம்" என்றாய். எனக்கு வாயில் இருந்த மீன் கசந்தது. ஊரிலிருந்து கப்பலேறி வந்த நம் ஆட்கள் தங்கள் சாமி பேரைக்கூட மறந்துவிட்டார்கள். இங்கே காட்டை வெட்டி, மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, முனியாண்டி என்று கூப்பிட்டார்கள். பாம்புக்கும் வேலை வாங்குகிற மண்டோருக்கும் பயந்து கிடந்தவர்களுக்குத் துணை அவர்தான். உனக்கு மொட்டை போட்டது அங்கே. மாமன் மடியில் வைத்துக் காது குத்தியது அங்கே. உனக்கு அம்மை கண்டபோது உன் அப்பா சுருட்டும் ஸ்டௌட் பீரும் வைத்து மண்ணில் விழுந்து கிடந்ததும் அங்கேதான். செம்பனைக்கு நடுவில் தகரக்கூரையோடு அந்த முனியாண்டி இன்னும் நியாலாஸ் பக்கம் நம் பழைய தோட்டத்தில் இருக்கிறார். பிள்ளையார் எல்லாருக்கும் பொது, அவரைக் கும்பிட யார் வேண்டாம் என்றது? ஆனால் நம் கல்யாணத்தை முனியாண்டிக்குச் சொல்லாமல் நடத்துவது என்றால், உன் அப்பாவுக்குச் சொல்லாமல் நடத்துவது மாதிரி.

அங்கேயே எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஷாலினியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். நல்ல பெண். மீனின் கன்னத்துச் சதையை எடுத்து முதலில் என் தட்டில் வைத்தாள். நான் வாயைத் திறந்தால் கல்யாணம் நிற்கும். திறக்காவிட்டால் நானும் உன் அப்பாவும் வாழ்ந்த வாழ்க்கை இல்லாமல் போகும். இரண்டில் எது என்று யோசித்துக்கொண்டே காடியில் ஏறினேன்.

அப்புறம்தான் அந்த லாரி. பாயா ரும்புட் திரும்புகிற சாலையில் நம் முன்னால் போனது, தார்ப்பாய் போட்டு, பின்னால் தண்ணீர் சொட்டிக்கொண்டு. நாற்றம் காடிக்குள் வந்துவிட்டது. கோப்பையில் உறைந்த ரப்பர் பாலைப் பிய்த்துப் பிய்த்து மூட்டை கட்டினால் வருமே, அந்த நாற்றம். ஷாலினி, "ஐயோ, என்ன இது, செத்த எலியா?" என்று துப்பட்டாவால் முகத்தை மூடினாள். நீ ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தெரியல லா. லோங்காங் ஒடஞ்சிருக்கும்" என்றாய். சாக்கடையாம்! உனக்குத் தெரியாதாம்! நீ சொல்லி வாய் மூடவில்லை, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மா ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னார்: "ஒட்டுப்பால்டி அது. லாரி முன்னால போவுது பாரு." ஷாலினி, "ஒட்டுப்பால்னா என்னம்மா?" என்று கேட்டாள். "எங்கயோ படிச்சேன்" என்றார் அவர். நீ ஆக்ஸிலேட்டரை மிதித்து லாரியை முந்திக்கொண்டு போனாய்.

டேய், அது உன் அப்பாவின் வாசம். இருபது வருஷத்துக்கு மேல் அவர் ஒட்டுப்பால் மூட்டையை லாரியில் ஏற்றினார். தலைக்கு மேல் தூக்கும்போது அந்தத் தண்ணீர் கழுத்து வழியாக முதுகில் இறங்கும். தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்துக் குளிப்பார், எலுமிச்சை தேய்ப்பார், போகாது. ஒரு தடவை டவுனில் கல்யாணத்துக்குப் போனோம். உன்னை மடியில் வைத்துக்கொண்டு அவர் பந்தியில் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் எழுந்து வேறு வரிசைக்குப் போனார்கள். எனக்கு மண்ணில் புதைந்துவிடலாம் போல இருந்தது. அவர் காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு, காத்தோட்டமா இருக்கு, நல்லா சாப்பிடு" என்று உன் இலைக்குப் பாயாசம் ஊற்றச் சொன்னார். அந்தக் கல்யாணத்தில் எழுந்து போனவர்களை இத்தனை வருஷமாக நான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் காடியில் மூக்கைப் பொத்திய உன் கையைப் பார்த்தபோது அவர்களையெல்லாம் மன்னித்துவிட்டேன். அவர்கள் அந்நியர்கள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். சந்தேகம் வரவில்லைதானே என்று கேட்டாய். வீட்டுக்கு வந்ததும் சம்பந்தியம்மா பாத்ரூம் போகவேண்டும் என்று என்னோடு உள்ளே வந்தார், நீங்கள் இருவரும் வெளியே டிக்கியைத் திறந்து பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள். அவர் பாத்ரூம் போகவில்லை. சமையல்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு, என் முகத்துக்கு நேராக நின்று, "எந்தத் தோட்டம்?" என்று கேட்டார்.

"என்ன தோட்டம்?" என்றேன்.

"நடிக்காதீங்க. லாரி போனப்ப நீங்க மூக்கப் பொத்தல."

எனக்கே அது தெரியாது தம்பி. நான் பொத்தவில்லை. அந்த வாசம் வந்தபோது நான் உன் அப்பாவை நினைத்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்திருக்கிறேன். அந்த அம்மா பார்த்துவிட்டார். "நியாலாஸ் பக்கம்" என்றேன். "நீங்க?" அவர் முத்துமாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "தெலுக் இந்தான் பக்கம். எங்கம்மா பால் மரம் வெட்டுனாங்க. ஸ்கூல் போறதுக்கு முன்னாடி நான் கூடப் போயி ஒட்டுப்பால் பொறுக்குவேன். யூனிபார்ம்ல நாறும், பிள்ளைங்க பக்கத்துல உக்காராதுங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து வாய் தொறந்ததில்ல. ஷாலினியப் பொறுத்தவரை அவ தாத்தா எஸ்டேட்ல பெரிய ஆபீசர்" என்று சொல்லிவிட்டு, அழுவதற்குப் பதில் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே கேட்கக்கூடாது என்று ஆளுக்கொரு பக்கம் கைத்துண்டின் முனையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தோம். கூலிக்காரன் பேத்திக்குக் கூலிக்காரன் பிள்ளையைக் கட்டிவைக்க ஒருத்தி முத்துமாலை, ஒருத்தி கெபாயா! இதற்கு ஒரு முழுநாள் பெட்ரோலும் வெயிலும்!

சிரித்து முடித்ததும் அவர், "நெஜமா உங்க குலதெய்வம் யாரு?" என்றார். முனியாண்டி என்றேன். "சுருட்டா?" "சுருட்டும் ஸ்டௌட்டும்." "எங்களுக்கும் அவருதான். சேவல் அறுப்போம்" என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலை மாற்றி, "மொத பத்திரிகைய அங்க வைக்காம எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறக்கூடாது சம்பந்தி. எம்பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கிறேன். உங்க பிள்ளைகிட்ட நீங்க சொல்லுங்க" என்றார். அந்த அம்மாவையும் நான் தூக்கிவைத்து மதிக்கவில்லை. அத்தனை வருஷம் பெற்ற தாயை மறைத்தவர்தான் அவரும். ஆனால் அந்த நாற்றம் வந்தபோது அவர் வாய் தானாக உண்மையைச் சொன்னது. உன் வாய்க்கு அதுகூட வரவில்லை.

தோட்டத்தை ஏதோ சொர்க்கம் என்று நான் பாடுவதாக நினைக்காதே. ஒழுகுகிற கூரை, அட்டை, மண்டோரின் வாய், விடிவதற்கு முன்னால் எழுந்து ஓடும் பிழைப்பு. கடைசி நாள் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, காறித் துப்பிவிட்டுத்தான் வந்தேன். உனக்கும் அந்த இடம் பிடிக்க வேண்டாம். வெறுத்துக்கொள், திட்டிக்கொள், அது உன் உரிமை. ஆனால் அங்கே ஒரு மனிதன் முதுகில் நாற்றத்தைச் சுமந்து உன்னைப் படிக்கவைக்கவில்லை என்று மட்டும் சொல்லாதே. ஊர் ஊராகப் போய் யார் யாரோ கட்டியதையும் இடித்ததையும் காட்டினாயே, அந்தப் பட்டியலில் சேர்க்க உன் அப்பாவின் முதுகு உனக்குப் போதவில்லை, அதுதான் எனக்கு இளக்காரம்.

வருகிற ஞாயிறு காலை பாயா ரும்புட்டுக்கு வந்துவிடு. சம்பந்தியம்மாவும் ஷாலினியும் தனியாக வருகிறார்கள். சேவல் அவர்கள் பொறுப்பு, சுருட்டும் ஸ்டௌட்டும் நான் வாங்கி வைத்துவிட்டேன், பத்திரிகையை நீ கொண்டுவா. நீ வராவிட்டாலும் நாங்கள் போவோம், ஆனால் பத்திரிகை இல்லாமல் போவோம். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். அந்தக் கெபாயாவைத் திருப்பிக் கேட்காதே. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், எனக்குப் பிடித்திருக்கிறது, தீபாவளிக்குப் போடுவேன். யாராவது நீங்கள் செட்டியா என்று கேட்டால், இல்லை, கித்தா வெட்டியவள், அழகாக இருந்தது போட்டுக்கொண்டேன் என்பேன்.

நியாலாஸ் போகிற வழியில் எல்லாரும் உன் காடியில்தான் வருவோம். ஏர்கோனை அணைத்துவிட்டு ஜன்னலை இறக்கி வை. ஒட்டுப்பால் லாரி முன்னால் போனால் முந்தாதே, பின்னாலேயே போ. அன்றைக்குப் பதில் கிடைக்காத ஷாலினி, இது என்ன வாசம் என்று மறுபடியும் கேட்பாள். நானும் சம்பந்தியம்மாவும் வாயைத் திறக்க மாட்டோம். இந்தத் தடவை நீ சொல்.

அம்மா